கீழக்கரைக் கொட்டகையில் நிற்கும் ஹெரால்டு: சரிசெய்வதா, எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வாப்பா 1966-ல் வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கீழக்கரையில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பல வருஷமாக நிற்கிறது. கடல் கூப்பிடு தூரம். வாப்பா மவுத்தான பிறகு யாரும் அதைத் தொடவில்லை. துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் நீங்கள் புதுக் கார் வாங்கப் போனால், ஷோரூமில் பழைய வண்டிக்கு 40,000 ரூபாய் எக்ஸ்சேஞ்ச் தருகிறோம் என்கிறார்கள். ஊர் மெக்கானிக் ஒன்றரை லட்சம் கேட்கிறார், ஓட வைத்து பெயிண்டும் அடித்துத் தருவாராம். இரண்டில் எது சரி என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசியில், "சின்ன வயதில் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்வோம், கொடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுவேனோ" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். கொட்டகைக்குள் இருப்பது இன்னும் காப்பாற்றக்கூடிய கார்தானா, அதில் பணம் போடுவது அறிவான காரியமா என்பதே கேள்வி.

நான் ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருப்பவன். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் ஓடிய பழைய வண்டிகளுக்கு அடித்தகர வேலை பார்ப்பதுதான் என் பிழைப்பில் பெரும்பகுதி. சீட், குரோம், உள் அலங்காரம் எல்லாம் எனக்குத் தெரிந்தவர்களிடம் அனுப்பிவிடுவேன், அதனால் அவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. வண்டியைப் பார்க்காமல் "செய்யுங்கள்", "விட்டுவிடுங்கள்" என்று தீர்ப்புச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் எதைப் பார்த்து நீங்கள் முடிவெடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என்ஜினும் பெயிண்டும் அப்புறம். முதலில் வண்டிக்கு அடியில் படுத்து சேசிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தைப் பாருங்கள்.

எக்ஸ்சேஞ்ச் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அந்த 40,000 உங்கள் ஹெரால்டுக்கு யாரும் போட்ட விலை இல்லை. புது வண்டியை விற்பதற்காகக் கம்பெனி கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் அதில் பெரும்பங்கு இருக்கும், எந்தப் பழைய காரைக் கொண்டுபோனாலும் அது வரும். ஷோரூமில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பழைய வண்டி எதுவும் தராமல் மொத்தப் பணமும் கட்டி எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" அந்தத் தொகையை 40,000-லிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் ஹெரால்டுக்குக் கிடைக்கும் பணம். பல நேரம் அது இரும்பு விலையைக்கூடத் தாண்டாது. அப்புறம் வண்டி புரோக்கர் கைக்குப் போய், விளக்கு, ஸ்டீயரிங், மீட்டர் எல்லாம் தனித்தனியாகக் கழற்றப்பட்டு, மிச்சம் காயலான் கடைக்குப் போகும். ஆகவே நீங்கள் சரிசெய்யப் போவதில்லை என்றாலும் எக்ஸ்சேஞ்ச் வேண்டாம். பழைய கார் பிரியர் ஒருவருக்கு உள்ளது உள்ளபடி சொல்லி நேரடியாக விற்பது எல்லா வகையிலும் மேல். மதுரையிலும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் பாகங்களுக்காகவே இன்னொரு வண்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் என்று நீங்கள் சொன்னதிலும் தப்பில்லை. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு 1959-ல் வந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1962-ல் அந்த ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பின்பக்கம் குறுக்கே படுத்திருக்கும் லீஃப் ஸ்பிரிங் எல்லாம் இரண்டுக்கும் ஒரே வழியில் வந்தவை. நம் ஊரில் மதராஸ் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-லிருந்து ஹெரால்டைச் செய்தது, 948 சிசி என்ஜினோடு. பிறகு நான்கு கதவு மாடல் வந்து இரண்டு கதவு நின்றுபோனது. 1980-களின் கடைசியில் கம்பெனியே மூடப்பட்டது. அதனால் உங்கள் வண்டிக்குப் பாகம் தேடும்போது நம் நாட்டுக் கடைகளோடு நிற்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டையும் ஸ்பிட்ஃபயரையும் விடாமல் வைத்து ஓட்டும் கூட்டம் பெரியது, அவர்களுக்காக இன்றும் சஸ்பென்ஷன், பிரேக், கிளட்ச் பாகங்களைப் புதிதாகச் செய்கிறார்கள். சுங்கவரியும் அனுப்பும் கூலியும் சேர்ந்து விலை ஏறும், ஆனாலும் பொருள் கிடைக்கும். தகரம்தான் சிக்கல். முன்பக்கம் முழுசாகத் தூக்கித் திறக்கும் அந்தப் பெரிய பானெட் மட்டும் அழுகிப்போயிருந்தால் இன்னொன்று அவ்வளவு லேசில் கிடைக்காது.

ஹெரால்டுக்கு இன்னொரு குணம் உண்டு, உங்களுக்கு அது நல்ல சேதி. பத்மினி, அம்பாசடர் போன்ற வண்டிகளில் பாடியும் சேசிஸும் ஒன்றே. தகரம் போனால் வண்டியின் முதுகெலும்பே போனமாதிரி. ஹெரால்டு அப்படி இல்லை. அதை வடிவமைத்த காலத்தில் ஒரே துண்டாகப் பெரிய பாடி செய்துகொடுக்க அந்தக் கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆகவே தனிச் சேசிஸ் வைத்து, அதன்மேல் பாடியைத் துண்டுதுண்டாக போல்ட் போட்டு மாட்டினார்கள். கூரையைக்கூடத் தனியாகக் கழற்றலாம். அதனால் சேசிஸை மட்டும் வெளியே எடுத்து, நல்ல வெல்டர் ஒருவரை வைத்து ஒழுங்காக வேலை பார்க்க முடியும். அதே காரணத்தால் சேசிஸ் போய்விட்டால், மேலே தகரம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வண்டி கிடையாது.

இனி உப்புக்கு வருகிறேன். நம் கரையில் இரும்புக்கு நடப்பது மதுரையில் நடப்பதில்லை. கீழக்கரை மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஊர், சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் திவலை வீட்டுக்குள்ளேயே வந்து படியும். உப்பு படிவதோடு விடாது, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டு உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். கீழக்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேலேதான் இருக்கும். மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் வண்டியின் அடிப்பக்கம் ராத்திரி முழுக்க நனைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு எத்தனை காலமாக விடாமல் பெயிண்ட் அடித்தார்கள் என்று நமக்குத் தெரியும். அப்படியும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று, 2025 ஏப்ரலில்தான் புதுப் பாலத்தில் மறுபடி ஓடியது. பராமரிப்பே இல்லாமல் நின்ற ஒரு காரைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதில் பலரும் நம்ப மறுக்கும் ஒன்று உண்டு. கொட்டகைக்குள் நின்றதால் வண்டி தப்பித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். வெயிலில் பெயிண்ட் வெளுக்காமல் தப்பித்திருக்கும், அவ்வளவுதான். வெளியே நிற்கும் வண்டியின் மேல் படியும் உப்பை மழையாவது கழுவிவிடும். கூரைக்குக் கீழே நிற்கும் வண்டியில் படிந்தது படிந்தபடியே சேர்ந்துகொண்டு போகும். அதற்கு மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால் ஈரமும் வெளியேறாது. தரை மண் தரையாக இருந்தால் கீழிருந்தும் ஈரம் ஏறும். சரி, கழுவிவிடலாம் என்று போர் தண்ணீரைப் பிடித்து அடித்துவிடாதீர்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி உவர்க்கும் என்று உங்களுக்கே தெரியும், அதில் கழுவுவது மேலும் உப்பைப் பூசுவதற்குச் சமம். காவிரிக் கூட்டுக் குடிநீர் கிடைத்தால் அது, இல்லையென்றால் பிடித்துவைத்த மழைத் தண்ணீர்.

சோதிக்கும் விதத்தைச் சொல்கிறேன். இதற்கு மெக்கானிக்கே தேவையில்லை. ஒரு டார்ச், ஒரு பெரிய ஸ்குரூ டிரைவர், மெல்லிய துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம் போதும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பழைய சேசிஸில் ஜாக் வைத்த இடமே உள்ளே போய்விடும். வண்டியை மரக்கட்டைகள் மேல் நன்றாக நிறுத்திவிட்டுப் போங்கள். நடுவில் முன்னிருந்து பின்னாக இரண்டு பெட்டி ரெயில்கள் ஓடும், அவற்றிலிருந்து இருபக்கமும் கைகள் நீண்டு பாடியைத் தாங்கும். அந்தக் கைகளுக்கு அவுட்ரிகர் என்று பெயர். முதலில் அழுகுவது அவைதான், அதிலும் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே இருப்பதும் டிக்கிக்குக் கீழே இருப்பதும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் முதலில் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். செத்த இரும்பு மொத்தென்று சத்தம் போடும். மொத்தென்ற இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். தேவிபட்டினம் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஹெரால்டில் முன் அவுட்ரிகர் பார்வைக்குக் கறுப்பு பெயிண்டோடு முழுசாக இருந்தது. அழுத்தினால் ஸ்குரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போனது, வெளியே இழுத்தபோது துரு வாழைப்பட்டை மாதிரி அடுக்கடுக்காக உரிந்து கையில் வந்தது. ஆனால் அதே வண்டியில் நடு ரெயில் இரண்டும் கல் மாதிரி இருந்தன. அந்த வண்டியைக் காப்பாற்ற முடிந்தது, இன்றும் ஓடுகிறது.

அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் முடிவு. அவுட்ரிகர் போயிருந்தால் பயப்பட வேண்டாம். நல்ல கனமான தகரத்தில் வெட்டி, மடித்து, புதிதாக வைத்துவிடலாம், வெல்டருக்கு அது தெரிந்த வேலை. நடு ரெயில்களில், அதிலும் பின்பக்கம் டிஃபரன்ஷியலை (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை) தாங்கும் இடத்திலும் முன் சஸ்பென்ஷன் உட்காரும் இடத்திலும் ஓட்டை இருந்தால் கதை வேறு. அங்கே பேட்ச் அடித்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. சேசிஸ் நீளத்தின் அளவே மாறிப்போயிருக்கும், வண்டி ஒருபக்கம் இழுக்கும், சக்கரம் நேராக நிற்காது. அதேபோல் சீட்டுக்கு அடியில், பாடியின் முன் துண்டும் பின் துண்டும் சேரும் இடத்தையும் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். கதவைத் திறந்து அதன் நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, அது சின்ன விஷயம். ஆடாமலேயே கதவு பூட்டும் பக்கம் தாழ்ந்து நின்றால் அடி தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். காந்தத்தை வீல் ஆர்ச், கதவின் கீழ்விளிம்பு, விளக்கைச் சுற்றிய இடம் எல்லாம் வைத்துக்கொண்டே போங்கள். பிடிக்காத இடம் எல்லாம் பட்டி. எப்போதோ யாரோ ஓட்டையை அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

என்ஜினைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. இரும்பில் வார்த்த எளிய நான்கு சிலிண்டர் என்ஜின் அது. பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தாலும் பிளக்கைக் கழற்றி டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, முன்னால் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்ல அசைத்துப் பார்க்கலாம். கியரில் போட்டுத் தள்ளி இழுப்பது மட்டும் கூடவே கூடாது, ரிங்கும் பிஸ்டனும் உடையும். என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றாலும் சிலிண்டர் போர் பெரிதாக்குவது, கிராங்க் கிரைண்ட் பண்ணுவது எல்லாம் மதுரை லேத் பட்டறைகளில் தினசரி நடக்கும் வேலை. ஹெட்டைக் கழற்றும்போது வால்வ் சீட்டைக் கடினமான வகையாக மாற்றிவிடுங்கள். அந்த என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது, அந்தப் பெட்ரோல் 2000-லேயே நாடு முழுக்க நின்றுவிட்டது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களையும் பம்பு டயாஃப்ரத்தையும் தின்னும், ஈரத்தையும் இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிட்டு, ஓட்டாத காலத்தில் டேங்கை வடித்துவிட்டால் போதும்.

மெக்கானிக் சொன்ன ஒன்றரை லட்சத்துக்கு வருவோம். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்கு அவர் விலை சொல்லியிருக்கிறார்: ஓட வேண்டும், பார்க்க அழகாக இருக்க வேண்டும். அந்தப் பணத்தில் என்ஜின் வேலையும் பிரேக்கும் முடிந்து, தகரத்தைத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பார்கள். ஆனால் துருவைக் கிரைண்டரால் தேய்த்தால் மேலே இருப்பதுதான் போகும். குழிகளின் அடியில் உட்கார்ந்திருக்கும் உப்பு அப்படியே இருக்கும். அதன்மேல் எந்த கம்பெனி பிரைமர் அடித்தாலும் ஒன்றிரண்டு மழைக்காலத்துக்குள் கொப்புளம் விடும். முறைப்படி என்றால் சேசிஸைத் தனியாக எடுத்து, மணல் அடித்து, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்தி, அன்றைக்கே ஜிங்க் பிரைமர் ஏற்ற வேண்டும். மணலடிக்கிறேன் என்று கடற்கரை மணலை எடுத்து அடிக்கும் பழக்கம் நம் பக்கத்தில் சில இடங்களில் உண்டு. இதைவிடக் கெடுதல் வேறில்லை. உப்பை இரும்புக்குள்ளேயே குத்தி இறக்கும் வேலை அது. மெல்லிய பாடித் தகரத்துக்கு மணலே வேண்டாம், நெளிந்துபோகும். பெட்டி ரெயில்களுக்கு உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைக் குழாய் விட்டு அடிக்க வேண்டும். பழைய என்ஜின் ஆயிலை அடிப்பது லாரிக்காரர்கள் வழக்கம். ஓரளவு காக்கும்தான், ஆனால் ஹெரால்டின் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

இப்படிச் செய்தால் என்ன ஆகும்? சேசிஸ் நல்லதாக இருந்து அவுட்ரிகர் மட்டும் மாற்றினால், மெக்கானிக் சொன்னது இரண்டு மூன்று மடங்காகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். நான் பார்த்த வேலைகளில் பாதிக்கு மேல் தகர வேலைக்கும் பெயிண்டுக்கும்தான் போனது. நடு ரெயிலும் போயிருந்தால் தொகை சொல்லவே மாட்டேன், யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வேலை முடிந்தபின் என்ன விலைக்குப் போகும் என்பதும் ஊகம்தான். ஹெரால்டு வாங்குபவர்கள் குறைவு, வாங்குபவரின் ஆசையைப் பொறுத்துத்தான் விலை. போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்ற கணக்கில் இறங்கவே கூடாது.

காகித விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் வேலையைத் தொடங்கும் முன் அதை முடிக்காமல் ஒரு ரூபாய்கூட போடாதீர்கள். ஆர்சி புத்தகம் வாப்பா பெயரில் இருக்கும். உங்கள் பெயருக்கு மாற்ற படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். உங்கள் ராத்தாவுக்கும் இதில் பங்கு உண்டு, அவர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் இல்லாமல் ஷோரூம்காரர்களும் முறைப்படி எடுக்க முடியாது. பழைய புத்தகம் என்பதால் அரசின் வண்டிப் பதிவு இணையதளமான வாஹனில் வண்டி ஏறியிருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் பார்க்கச் சொல்லுங்கள், ஏறவில்லையென்றால் முதலில் அதை ஏற்ற வேண்டும். தனியார் கார் 15 வருஷம் தாண்டினால் 5 வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். டெல்லியில் மாதிரி இத்தனை வருஷம் ஆனால் ஓட்டவே கூடாது என்ற தடை நம் மாநிலத்தில் இல்லை.

2021-ல் வந்த வின்டேஜ் விதி இன்னொரு வழி. 50 வருஷம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு அது பொருந்தும், உங்கள் வண்டிக்கு வயது போதும். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். குடும்பத்தோடு ஏர்வாடி வரை ஒரு சுற்றுப் போய்வர ஆசை என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே வசதி. எந்த வழி போனாலும், மாருதி என்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்றோடு அது வாப்பாவின் வண்டியாக இருக்காது, வின்டேஜ் தகுதியும் போகும், ஆர்சியிலும் சிக்கல் வரும். சேசிஸ் வேலையின்போது நம்பர் அடித்திருக்கும் பட்டையும் பலகையும் எங்கே இருக்கின்றன என்று வெல்டருக்குக் காட்டி, அதை வெட்டாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

நீங்கள் துபாயில் இருக்கும்போது வண்டி எங்கே நிற்கும் என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். இவ்வளவு செலவு செய்து மறுபடி அதே கொட்டகைக்குள் விடுவதாக இருந்தால், நான் உங்களிடம் வேலையே எடுக்க மாட்டேன். ராத்தா பரமக்குடியில் இருப்பதாகவும் அங்கே கார் நிறுத்த இடம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கரையிலிருந்து உள்ளே போகப் போகக் காற்றில் உப்பு வேகமாகக் குறையும், பரமக்குடி அந்த வகையில் கீழக்கரையைவிட எவ்வளவோ மேல். அங்கே சிமெண்ட் தரையில், காற்றோட்டமாக, தார்ப்பாய் இல்லாமல் நிற்கட்டும். வாரம் ஒருமுறை யாராவது எடுத்து என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் அதுவும் முடிவில் ஒரு பங்கு.

இத்தனையும் வைத்துச் சொன்னால், நடு ரெயில்கள் இரண்டும் நன்றாக இருந்து, வண்டி பரமக்குடிக்குப் போவது உறுதி என்றால், செய்யுங்கள். மனசார சொல்கிறேன், இரண்டு கதவு ஹெரால்டு இனி யாரும் செய்யப் போவதில்லை. நடு ரெயில் அழுகியிருந்தால், வாப்பாவின் ஸ்டீயரிங்கையோ மீட்டர் பலகையையோ கழற்றி வைத்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு ஹெரால்டைக் காப்பாற்றப் போகிறவருக்குக் கொடுங்கள். அதனால் ஒரு வண்டியாவது ஓடும். இரண்டுக்கும் நடுவில், அதாவது சேசிஸ் பரவாயில்லை, ஆனால் பணமோ நேரமோ இந்த வருஷம் இல்லை என்ற நிலை வந்தால், எதையும் கொடுக்கவும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். பரமக்குடிக்குக் கொண்டுபோய், அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் நிதானமாகக் கழுவி, வெயிலில் உலர்த்தி, துருத்தடுப்பு எண்ணெய் அடித்து, சக்கரம் தரையில் படாமல் கட்டைமேல் நிறுத்திவிடுங்கள். துரு முழுசாக நிற்காது, ஆனால் யோசிக்க சில வருஷம் கிடைக்கும். புதுக் காரை வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அதைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த முடிவானாலும் வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுக்கும் நாளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கயிறு கட்டி இழுக்காதீர்கள், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிப்போயிருக்கும், எண்ணெயும் இருக்காது. இந்த வண்டிக்கு எல்லா பிரேக்கும் ஒரே லைனில் ஓடுவது, ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் மிதி அடிவரை இறங்கிவிடும். முன் சக்கரத்துக்கு உட்புறம் கீழே டிரன்னியன் என்று ஒரு பித்தளைக் கட்டை உண்டு, சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு மரை போட்டு அதற்குள் இறங்கியிருக்கும். அதற்குக் கிரீஸ் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான். பல மெக்கானிக்குகள் கிரீஸ் அடித்துவிடுவார்கள். அது உள்ளே போய்ச் சேராமல், தண்ணீர் தங்கி, தண்டு மரையிலேயே அரித்து ஒருநாள் ஒடியும், சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஆகவே ஸ்டீயரிங்கை வலுக்கட்டாயமாகத் திருப்பாமல், சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து, பிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் நகர்த்துங்கள். பேட்டரி எதையும் இணைத்துப் பார்க்க வேண்டாம். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் பாசிட்டிவ் முனையை பாடியில் எர்த் கொடுக்கும் வழக்கம் இருந்தது, உங்களுடையது எந்த வகை என்று ஒயரிங் தெரிந்தவர் பார்த்தபிறகு இணைக்கட்டும். லாரியில் ஏற்றும் முன் நடு ரெயில்கள், டிஃபரன்ஷியல் மாட்டும் இடம், அவுட்ரிகர்கள் இவற்றைப் பக்கத்திலிருந்து படம் எடுத்துப் போடுங்கள். ஸ்குரூ டிரைவர் உள்ளே போன இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு எடுத்தால் எனக்குப் பார்க்க வசதியாக இருக்கும்.